ரிக்கார்டோ கணக்கில் விட்டுப்போன துணி

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஜெயநகரில் நண்பர் வீட்டில் ஒரு பாட்டில் திறந்தோம். 1997ஆம் வருஷத்து வின்டேஜ் போர்ட் ஒயின். போர்ச்சுக்கலில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வந்தவர், வேட்டியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். லேபிளில் வருஷத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. நான் பி.காம். சேர்ந்த வருஷம் அது. போர்ச்சுக்கல் ஒயின் என்ற பேரையே அந்த வருஷம்தான் முதலில் கேட்டேன், அதுவும் பொருளாதார வகுப்பில்!

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டேவிட் ரிக்கார்டோ, 1817. இங்கிலாந்தில் துணி செய்ய 100 பேர் வேண்டும், ஒயின் செய்ய 120 பேர். போர்ச்சுக்கலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டிலும் போர்ச்சுக்கல்தான் கெட்டி. இருந்தாலும் அது ஒயினை மட்டும் செய்து, துணியை இங்கிலாந்திடம் வாங்கிக்கொண்டால் இருவருக்குமே லாபம். பத்து மார்க் கேள்வி. நானும் மனப்பாடம் செய்து எழுதினேன். இதெல்லாம் நிஜ ஒயின், நிஜத் துணி என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

முதலில் ஒயின் கதை. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் ஓயாத சண்டை. பிரெஞ்சு ஒயின் கிடைப்பது கஷ்டமாகிவிட, ஆங்கிலேயர்கள் போர்ச்சுக்கல் பக்கம் திரும்பினார்கள். 1703 டிசம்பரில் மெத்துவன் ஒப்பந்தம். பிரெஞ்சு ஒயினுக்கு வாங்கும் வரியில் மூன்றில் ஒரு பங்கு போர்ச்சுக்கல் ஒயினுக்குக் குறைவு. பதிலுக்கு, இங்கிலாந்தின் கம்பளித் துணிக்குப் போர்ச்சுக்கல் கதவு திறக்க வேண்டும்.

கப்பலில் கெடாமல் இருக்க ஒயினில் கொஞ்சம் பிராந்தி சேர்த்தார்கள். பிற்பாடு அதுவே செய்முறை ஆனது. டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் திராட்சையைக் காலால் மிதித்துப் புளிக்கவிட்டு, பாதி இனிப்பு மிச்சம் இருக்கும்போதே 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், இனிப்பு நின்றுவிடும். கடைசியில் ஆல்கஹால் சுமார் 20 சதவீதம். பணம் புரண்டதும் கலப்படமும் வந்தது. 1756இல் பொம்பால் என்ற அமைச்சர் கம்பெனி ஒன்றை நிறுவி, எந்த மண்ணில் விளைந்தால் போர்ட் என்று எல்லை வகுத்துக் கல் நட்டுவிட்டார். (நம்ம ஊர்க் கடைகளில் 'போர்ட்' என்று கிடைக்கும் கோவா சரக்கு வேறு ஜாதி. அது பெரும்பாலும் நம்ம 'பெங்களூர் ப்ளூ' திராட்சைதான். அதைக் குறை சொல்லவில்லை.)

எல்லா வருஷமும் வின்டேஜ் ஆகாது. பத்துக்கு மூன்று வருஷம்தான் 'இது வின்டேஜ்' என்று அறிவிப்பார்கள். மரப்பீப்பாயில் இரண்டு வருஷம் வைத்து, வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்து விற்றுவிடுவார்கள். அதன் பிறகு இருபது முப்பது வருஷம் காத்திருப்பது வாங்கியவர் பாடு. பேங்க்காரனுக்கு இது உடனே புரியும்: சரக்கை முடக்கி வைக்கும் வட்டி, விற்றவனுக்கு இல்லை :-) பிள்ளை பிறந்த வருஷத்துப் போர்ட்டை வாங்கிப் படுக்கவைத்து, அதன் 21ஆம் வயதில் திறப்பது பழைய ஆங்கிலேயப் பணக்காரர்களின் வழக்கம். இதற்கும் ஒரு சின்ன விஷயம்தான் காரணம். 18ஆம் நூற்றாண்டில் தொப்பை பாட்டில் போய் உருளை பாட்டில் வந்தது. படுக்கவைத்தால் கார்க் நனைந்தே இருக்கும், காற்று புகாது.

நண்பர் முதல்நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தார், மண்டி அடியில் தங்க. கார்க் பாதியில் உடைந்தது. செல்போன் டார்ச்சை பாட்டிலின் கழுத்துக்கு அடியில் பிடித்துக்கொண்டு, ரசத்தில் தெளிவை மட்டும் இறுப்பதுபோல மெதுவாகக் கண்ணாடி ஜாடிக்கு இறுத்தார். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

நடுவில் கருஞ்சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். முகர்ந்தால் உலர்ந்த அத்தி, கருப்பட்டி, கொஞ்சம் புகையிலை. பழநி பஞ்சாமிர்தம் ஞாபகம் வந்தது (முருகன் மன்னிக்க). ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்திருந்தால் முதலில் இனிப்பு, பிறகு சாராயச் சூடு, கடைசியில் நெல்லிக்காய் தின்றதுபோல ஒரு துவர்ப்பு. விழுங்கி வெகுநேரம் ஆகியும் வாசனை போகவில்லை. சின்ன கிளாஸ் ஒன்று போதும்.

வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. ரிக்கார்டோ சொன்ன ஒயினைக் குடித்தாயிற்று. அவர் சொன்ன துணி?

1639இல் ஆங்கிலேயர்கள் மதராசில் இடம் பிடித்ததே நம் பருத்தித் துணிக்காக. 1734இல் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர்தான் சிந்தாதிரிப்பேட்டை, அதாவது சின்னத் தறிப் பேட்டை. நம் துணி லண்டனில் போட்ட போட்டில் அங்கிருந்த கம்பளி, பட்டு ஆட்கள் அலறினார்கள். 1700இல் ஒரு சட்டம்: இந்தியாவில் சாயமேற்றிய, அச்சடித்த துணியை இங்கிலாந்தில் உடுத்தத் தடை. 1719இல் லண்டன் நெசவாளர்கள், அச்சுத்துணி உடுத்திய பெண்களைத் தெருவிலேயே தாக்கினார்கள். 1721இல் தடை இன்னும் இறுகியது.

வருஷங்களைப் பாருங்கள். 1700இல் நம் துணிக்குக் கதவடைப்பு, 1703இல் போர்ச்சுக்கலில் கதவு திறப்பு. இரண்டாலும் லாபம் அதே கம்பளிக்கு. அதற்கப்புறம் நூறு வருஷம் கழித்து ரிக்கார்டோ இரண்டு நாடுகளை வைத்து அழகாகக் கணக்குப் போட்டார். கணக்கு தப்பில்லை. ஆனால் மூன்றாவதாக ஒருத்தன் இருந்தான், அவனை ஏற்கெனவே சட்டம் போட்டு வெளியே தள்ளிவிட்டார்கள் என்று எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. என் தாத்தா குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர். பேரன் அந்தக் கேள்விக்குப் பத்துக்கு எட்டு வாங்கினான்.

என் மகள் இப்போது பி.காம். முதல் வருஷம். அவள் புத்தகத்திலும் அதே 80, 90, 100, 120. இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை எழுதினா மார்க் போடுவாங்களாப்பா?" என்றாள்.

"போட மாட்டாங்கம்மா. ஆனா தெரிஞ்சு வெச்சுக்கோ" என்றேன்.

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். மேலே சொன்னது ஒரே ஒரு சின்ன கிளாஸ், வீட்டம்மாவின் அனுமதியுடன்.