காந்தத்தைக் கட்டிக்கொண்டு கஞ்சமலைக்கு ஒரு நாள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம், ஒரு முழம் நூல், தண்ணீர் பாட்டில். கள்ளக்குறிச்சியில் இருந்து பைக்கில் கிளம்பினேன். முதல் நிறுத்தம் கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு ஓடை. காந்தத்தை மணலில் இழுத்தால் மீசை மாதிரி கொஞ்சம் கறுப்புத் துகள் ஒட்டியது. மேலே வெள்ளிமலை என்று ஊர் இருக்கே, வெள்ளி கிடைக்குமா என்று கேட்காதீங்க. பேரை நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

அங்கிருந்து சேலம் நெடுஞ்சாலை. சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி வரை கல்வராயன் வலது கைப் பக்கம் கூடவே வரும். சேலத்துக்கு மேற்கே இருக்கும் கஞ்சமலைக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. சித்தர் கோயில் பக்கத்து ஓடையில் அதே காந்தத்தைப் போட்டேன். இந்த முறை மீசை இல்லை, தாடியே வந்தது!

அந்தக் கறுப்பு மணல் மேக்னடைட். வெள்ளைக் குவார்ட்ஸும் கறுப்பு மேக்னடைட்டும் அடுக்கடுக்காக இருக்கும் பாறை உடைந்து, மழையில் கரைந்து வருவது. கனமான துகள் ஓடையில் தங்கிவிடும், லேசானது போய்விடும். பாதி வேலையை மழையே செய்துவிடுகிறது. மீதி வேலைக்கு மண் உலை, மரக்கரி, ஆட்டுத்தோல் துருத்தி. உருக்கு வேண்டுமென்றால், அந்த இரும்பை ஆவாரங்குச்சி, எருக்கிலையோடு மண் மூசையில் வைத்து மூடிக் காய்ச்சுவார்கள். உலகம் 'வூட்ஸ்' என்று கொண்டாடியது இதைத்தான்.

இந்தச் செய்முறையை எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய பாணி இரும்பு ஆலை தொடங்கியவர். தாது சேலத்தில், உலை கடற்கரையில். நடுவில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கரிக்குக் காட்டு மரம். பக்கத்துக் காடு தீரத் தீரக் கரி தூரமானது, செலவு ஏறியது. ஆலை அரை நூற்றாண்டுகூடத் தாங்கவில்லை.

இங்கேதான் எனக்கு உறைத்தது. கிராமத்து உலை சின்னது. தாதும் கரியும் கிடைக்கிற இடத்துக்கு அதுவே போய்விடும். ஹீத்தின் உலை நகராது, எல்லாம் அதைத் தேடி வரணும். சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னால், அவர் டிசைனிலேயே பக் இருந்தது. ஆனால் சின்ன உலையும் பிழைக்கவில்லை. மலிவான இறக்குமதி இரும்பு வந்தது. 1882-இல் சென்னை வனச் சட்டமும் வந்தது, காட்டில் கரி சுடுவது முன்போல் இல்லாமல் போனது. தோற்ற ஹீத்துக்காவது புத்தகத்தில் பேர் இருக்கு. உலை ஊதியவர்களில் ஒருத்தர் பேர்கூட எனக்குத் தெரியாது.

திரும்பும்போது மலையடிவார வரப்பில் கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக ஒரு கல். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் காட்டினேன்.

"அது சிட்டம்பா. ஏரு மாட்டும்போது மொனைய ஒடைக்கும். எங்க தாத்தா காலத்துலயே பொறுக்கி வரப்புல போட்டாங்க."

எனக்கு அது வரலாறு, அவங்களுக்கு ஏருக்கு இடைஞ்சல். கல்லை வரப்பிலேயே வைத்துவிட்டு வந்தேன். காந்தத்தில் ஒட்டிய துகளை மட்டும் இன்னும் துடைக்கவில்லை.