தயமின்

தயமின் என்பது வைட்டமின் பி1. நீரில் கரையக்கூடியது. உண்ட மாவுச்சத்து ஆற்றலாக மாறுவதற்கு இது வேண்டும். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தால் போதும். ஆனால் உடலில் இருப்பு சுமார் 30 மில்லிகிராம்தான் என்பதால், வரத்து நின்றால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். தயமினைக் கொண்டு இயங்கும் நொதிகளுக்கு மக்னீசியமும் தேவை. அந்தத் தாது குறைந்தவருக்குத் தயமின் மட்டும் கொடுத்தால் எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை.

இதன் குறைபாட்டு நோய் பெரிபெரி. கால் மரத்து, தசை தளர்ந்து, நடை தள்ளாடுவது ஒரு வகை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் தளர்வது மற்றொரு வகை. தாய்க்குக் குறைபாடு இருந்தால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையையும் அது தாக்கும்; பெரிபெரியின் மிகக் கொடிய முகம் இதுதான்.

அரிசியைத் தீட்டும் இயந்திர ஆலைகள் பரவியபோது ஆசியாவில் இந்நோயும் பெருகியது. 1890களில் ஜாவாத் தீவின் பத்தாவியாவில், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் போவதையும், தவிடு போகாத அரிசி கொடுத்ததும் தேறுவதையும் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் கண்டார். அரிசியில் ஏதோ நச்சு இருப்பதாக அவர் கருதினார். உணவில் ஒரு பொருள் இல்லாததே காரணம் என்று 1901இல் சரியாகச் சொன்னவர், அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. கிரைன்ஸின் பெயரையும் அதே மதிப்போடு சொல்வதுதான் நியாயம். தயமினை 1936இல் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க வேதியியலர் ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில்.

அதே மாகாணத்தின் வடகோடியில், தீட்டிய பச்சரிசி உண்ட கடலோரத் தெலுங்கு மாவட்டங்களில் பெரிபெரி அடிக்கடி கண்டது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, களத்தில் துழாவிக் காயவைக்கும்போது, தவிட்டுப் படலத்திலுள்ள தயமின் நீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் ஆலையில் தவிடு போனாலும் அதில் பெரும்பகுதி மணியிலேயே தங்கும். வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலத்திலிருந்து வீட்டுப் பெண்கள் நெல் அவித்துவந்த வழக்கம் கோடிக்கணக்கானோரைக் காத்திருக்கிறது.

அரிசியைப் பலமுறை களைந்தால் கழுநீரிலும், சோற்றை வடித்தால் கஞ்சியிலும் தயமின் போய்விடும். பச்சரிசியில் இந்த இழப்பு அதிகம். பருப்பு, பயறு, நிலக்கடலை, எள், முழுக்கோதுமை, பன்றி இறைச்சி ஆகியவற்றில் இச்சத்து நிறைந்திருக்கிறது.

இன்று இக்குறைபாடு மிகுதியாகக் காணப்படுவது நெடுநாள் மது அருந்துவோரிடம். மது, குடல் தயமினை உறிஞ்சுவதையும் தடுக்கிறது. கண் அசைவு கெட்டு, தடுமாறி, மனம் குழம்பி வருவோருக்குத் தயமினை உடனே ஊசியாகச் செலுத்த வேண்டும். தாமதமானால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், எஞ்சியிருக்கும் சிறிதளவு தயமினும் அதற்கே செலவாகி நிலைமை மோசமாகக்கூடும்.