ஆஸ்திரியாவில் கண்ட வரலாறு

ஐரோப்பாவின் நடுவே, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ளது ஆஸ்திரியா நாடு. அதற்குக் கடற்கரை இல்லை. எட்டு நாடுகள் அதனைச் சூழ்ந்துள்ளன. பரப்பு ஏறத்தாழ 84,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 90 இலட்சம். இவ்வளவு சிறிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் வீற்றிருந்த பேரரசரின் கொடிக்கீழ், 1914ஆம் ஆண்டில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். ஜெர்மானிய மொழியினர், ஹங்கேரியர், செக் மக்கள், போலந்தியர், குரோஷியர், இத்தாலியர் எனப் பல இனத்தார் அவ்வாட்சியில் அடங்கியிருந்தனர். முதல் உலகப் போர் முடிந்த 1918ஆம் ஆண்டில் அப்பேரரசு மறைந்தது. எஞ்சிய சிறு பகுதி குடியரசாயிற்று. இருபது ஆண்டுகளுக்குள் அக்குடியரசும் ஹிட்லரின் ஜெர்மனியில் கரைந்து, உலகப் படத்திலிருந்தே நீங்கியது. பின்னர் 1945இல் மீண்டும் பிறந்து, 1955இல் முழு உரிமை பெற்றது.

ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் இத்தனை மாறுதல்களைக் கண்ட நாடு, தன்னைக் காண வருவோருக்கு எதனைக் காட்டுகிறது? தன் பெருமைகளோடு சிறுமைகளையும் காட்டுகிறதா? வரலாறு பயிலும் கல்லூரி மாணவர் குழு ஒன்றுடன் ஆஸ்திரியாவில் பயணம் செய்தபோது, எங்கள் உள்ளத்தில் எழுந்த கேள்வி இதுவே.

மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றோம். ஆறுகளே எங்களுக்கு வழிகாட்டின எனலாம். இன் ஆறும், சால்சாக் ஆறும், டிரௌன் ஆறும் ஆல்ப்ஸ் மலையில் தோன்றி, இறுதியில் டான்யூப் நதியைச் சேர்கின்றன. அந்த நீரோட்டத்தைப் பின்பற்றிச் சென்றால் மலைநாட்டிலிருந்து வியன்னாவை அடையலாம்.

முதலில் கண்ட பெருநகரம் இன்ஸ்புருக். இன் ஆற்றின் பாலம் என்பதே அப்பெயரின் பொருள். வடக்கே ஜெர்மனியையும் தெற்கே இத்தாலியையும் இணைக்கும் பிரென்னர் கணவாய் வழி இந்நகரை ஒட்டியே செல்கிறது. வணிகம் சென்ற வழியில் செல்வம் சேர்ந்தது. அச்செல்வத்தின் சின்னமாக, 1500ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பொற்கூரை மாடம் நகரின் நடுவே இன்றும் ஒளிர்கிறது. அதனை எழுப்பியவர் ஹாப்ஸ்பர்க் மரபைச் சேர்ந்த பேரரசர் முதலாம் மாக்சிமிலியன். அண்மையிலுள்ள அரண்மனைக் கோயிலில் அவருக்கு ஒரு நினைவுச் சமாதி இருக்கிறது. ஆளுயரத்தை விஞ்சிய இருபத்தெட்டு வெண்கலச் சிலைகள் அதனைச் சுற்றிக் காவல் நிற்கின்றன. அவற்றுள் மன்னரின் உண்மையான உறவினர் உண்டு. அவர் தம் முன்னோர் எனக் கருதிக்கொண்ட பழங்கதை மன்னர் ஆர்தரும் உண்டு! இவ்வளவு சிறப்பாக அமைந்த சமாதிக்குள் மன்னரின் உடல் இல்லை. அவர் வேறோர் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். ஆயினும் அதே கோயிலில் ஒரு விடுதிக்காரரின் எலும்புகள் உண்மையாகவே துயில்கின்றன. 1809ஆம் ஆண்டில் நெப்போலியன் தரப்புப் படைகளை எதிர்த்து, டிரோல் நாட்டு உழவர்களைத் திரட்டிப் போரிட்ட ஆந்திரேயாஸ் ஹோஃபர் அவர். மறு ஆண்டில் மாந்துவா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னருக்குச் சிலைகளும் மக்கள் தலைவருக்குக் கல்லறையுமாக ஒரே கூரையின்கீழ் அமைந்திருப்பதைக் கண்டு மாணவர் நெடுநேரம் நின்றனர்.

அங்கிருந்து சால்ஸ்பர்க் நகரை அடைந்தோம். உப்புக்கோட்டை என்பது அப்பெயரின் பொருள். 1077ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோட்டை குன்றின்மேல் நிற்கிறது. அதன் அடியில் மணிமாடங்களும் மாதா கோயில்களும் நெருங்கியிருக்கின்றன. இசைமேதை மொஸார்ட் 1756ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் பிறந்த வீட்டைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். அவர் பிறந்த காலத்தில் சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவைச் சேர்ந்ததன்று. தலைமைக் குருவே அரசராகவும் இருந்து ஆண்ட தனி நாடு. 1816இல்தான் அது ஆஸ்திரியாவுடன் நிலையாக இணைந்தது. அதன் அழகிய தெருக்கள் எளிதில் சொல்லாத செய்தி ஒன்றும் உண்டு. 1731ஆம் ஆண்டில் அந்நாட்டை ஆண்ட தலைமைக் குரு, புராட்டஸ்டண்டு சமயத்தார் அனைவரும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என ஆணையிட்டார். அதனால் ஏறத்தாழ 20,000 மக்கள் தாம் பிறந்த மண்ணைத் துறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பிரஷ்ய நாட்டில் குடியேறினர்.

சால்ஸ்பர்க்கின் செல்வத்திற்கு வேராக இருந்தது உப்பு. அந்த உப்பின் பழமையைக் காண வேண்டுமானால் ஹால்ஸ்டாட் என்னும் சிற்றூருக்குச் செல்ல வேண்டும். ஒருபுறம் செங்குத்தான மலை. மறுபுறம் கண்ணாடி போன்ற ஏரி. இரண்டிற்கும் இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் மரவீடுகள். கடல்நீரைப் பாத்தியில் காயவைத்து உப்பெடுப்பதையே கண்டு பழகிய நமக்கு, மலையைக் குடைந்து உப்பெடுக்கும் காட்சி புதுமையாகத் தோன்றும். ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளாக அம்மலையில் மக்கள் உப்பெடுத்து வந்துள்ளனர். 1846ஆம் ஆண்டில் சுரங்க அதிகாரியாக இருந்த ராம்சவுவர் என்பவர், ஊருக்கு மேலுள்ள பள்ளத்தாக்கில் ஒரு பழைய இடுகாட்டைக் கண்டார். பதினேழு ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் கல்லறைகளை அவர் அகழ்ந்தார். ஒவ்வொன்றிலும் கிடைத்த பொருள்களை வரைந்து குறித்துவைத்தார். வாள்களும் வெண்கலக் கலங்களும் அணிகலன்களும் கிடைத்தன. கி.மு. 800 முதல் 450 வரையுள்ள ஐரோப்பிய நாகரிகக் கட்டத்திற்கு அச்சிற்றூரின் பெயரையே அறிஞர் சூட்டினர்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. இறைச்சியைக் கெடாமல் காக்க உப்பைப் பெரிதும் நம்பியிருந்த அக்காலத்தில், குளிர்நாட்டு மக்களுக்கு உப்பு உயிர்ப்பொருளாகவே இருந்தது. அதனாலேயே மலையிடையே அமைந்த அச்சிறு ஊருக்குத் தொலைநாட்டு யானைத் தந்தமும் கடற்கரை நாட்டு அம்பரும் வந்து சேர்ந்தன. சுரங்கத்திற்குள் உப்பே பொருள்களைக் காத்து வைத்திருக்கிறது. தோற்பைகள், கயிறுகள், துணிகள் ஆகியவை சிதையாமல் கிடைத்துள்ளன. 2003ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுத்த ஒரு மரப்படிக்கட்டின் மரங்கள், கி.மு. 1344ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்டவை என்பதை ஆண்டு வளையங்களைக் கொண்டு ஆய்வாளர் கணித்தனர். படிகளை வேண்டியவாறு சாய்த்துப் பொருத்தக்கூடிய அந்த அமைப்பைக் கண்டு, எங்களுடன் வந்த பொறியியல் ஆர்வமுள்ள மாணவர் வியந்தார்.

ஆனால் எங்களை வாய்மூடச் செய்தது வேறொரு பொருள். சுரங்கத்தில் குழந்தைகளின் காலுக்கு ஏற்ற சிறு தோற்செருப்புகள் கிடைத்துள்ளன. கல்லறை எலும்புகளிலும் இளமையிலேயே பெருஞ்சுமை தாங்கியதன் அடையாளங்களை ஆய்வாளர் கண்டுள்ளனர். வெண்கல வாளோடு புதைக்கப்பட்டவரின் செல்வத்திற்குப் பின்னால், இருளில் உப்புச் சுமந்த சிறுவரும் இருந்தனர். அங்கிருந்து மலைச்சரிவில் இறங்கும் உப்புநீர்க் குழாயும் அவ்வகையில் உழைப்பின் சின்னமே. 1595 முதல் 1607 வரை, ஏறத்தாழ 13,000 மரங்களின் நடுத்தண்டைக் குடைந்து ஒன்றோடொன்று பொருத்தி, சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எபென்சே ஊருக்கு உப்புநீரைக் கொண்டு சென்றனர். ஹால்ஸ்டாட்டில் காய்ச்சுவதற்கு விறகு போதாமற்போனதே அதற்குக் காரணம். விறகை உப்புநீரிடம் கொண்டு வருவதைவிட, உப்புநீரை விறகிடம் அனுப்புவது எளிது என்று கண்டனர்.

டிரௌன் ஆற்றைத் தொடர்ந்து லின்ஸ் நகரருகே டான்யூப் நதியை அடைந்தோம். அந்நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ஆற்றங்கரையில் மௌட்ஹவுசன் என்னும் ஊர் இருக்கிறது. பசும்புல் மேடுகளும் பழத்தோட்டங்களும் சூழ்ந்த இனிய ஊர். அதன் மேட்டிலே கருங்கல் மதில் ஒன்று எழுந்து நிற்கிறது. ஜெர்மன் படைகள் 1938ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் ஆஸ்திரியாவினுள் புகுந்தன. ஐந்து மாதங்கள் கூடக் கழியவில்லை. ஆகஸ்டு 8ஆம் நாள் முதற் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டனர். இவ்விடத்தை நாஜிகள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இங்குள்ள கருங்கற் சுரங்கம். வியன்னா மாநகரத்திற்கு உரிமையாயிருந்த அச்சுரங்கத்திலிருந்து, அதற்கு முன்பே அம்மாநகரின் தெருக்களுக்குப் பாவுகற்கள் சென்றன.

சுரங்கத்தின் அடியிலிருந்து மேலே ஏற 186 படிகள் உள்ளன. முதுகில் கல்லைச் சுமந்து, பசித்த வயிற்றோடு, அடிபட்டு, கைதிகள் அப்படிகளில் ஏறினர். போலந்தியர், ரஷ்யர், ஸ்பானியக் குடியரசு வீரர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், செக் மக்கள், ஹங்கேரிய யூதர், ஆஸ்திரியர் எனப் பல நாட்டார் அங்கே அடைபட்டிருந்தனர். இம்முகாமிலும் அதன் கிளைகளிலும் அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 1,90,000 பேர். மாண்டவர் குறைந்தது 90,000 பேர். 1945ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அமெரிக்கப் படை வந்து எஞ்சியோரை மீட்டது.

அருகில் வாழ்ந்த ஊரார் என்ன செய்தனர் என்று மாணவி ஒருவர் வினவினார். வரலாறு அதற்கு இரு விடைகளைத் தருகிறது. 1945 பெப்ரவரி மாதத் தொடக்கத்தில், ஓர் இரவில், சோவியத் கைதிகள் ஏறத்தாழ 500 பேர் மதிலைத் தாண்டித் தப்ப முயன்றனர். நானூற்றுக்கு மேற்பட்டோர் வெளியேறினர். பனியில் ஓடிய அவர்களை நாஜிப் படையினரோடு ஊர்மக்கள் பலரும் சேர்ந்து வேட்டையாடினர். உயிர் தப்பியவராக அறியப்பட்டோர் பதினொருவரே. அதே நாட்களில், லாங்தாலர் என்னும் உழவர் குடும்பம், தம் மைந்தர் ஜெர்மன் படையில் போர்முனையில் இருந்தபோதும், தப்பி வந்த கைதிகள் இருவரைப் போர் முடியும்வரை தம் வீட்டில் மறைத்துக் காத்தது. கண்டுபிடித்திருந்தால் குடும்பமே அழிந்திருக்கும். ஒரே வட்டாரத்தில், ஒரே அச்சத்தின்கீழ் வாழ்ந்த மக்களே இவ்விரு வழிகளையும் தேர்ந்தனர்.

பிறகு வியன்னாவை அடைந்தோம். அங்கே காணத்தக்கவை பல. 1683ஆம் ஆண்டில் துருக்கிய முற்றுகையைத் தாங்கிய நகரம் அது. கைப்பற்றிய துருக்கிப் பீரங்கிகளை உருக்கி, 1711இல் புனித ஸ்டீபன் கோயிலுக்குப் பெருமணி வார்த்தனர். மரியா தெரேசா பேரரசி வாழ்ந்த ஷோன்புருன் அரண்மனையின் அறைகள் 1,441. ஆறு வயதுச் சிறுவனாக மொஸார்ட் இசைத்துக் காட்டியது அங்கேதான். சிறுவர் சிறுமியர் அனைவரும் பள்ளி செல்ல வேண்டும் என்னும் ஆணையை 1774இல் அப்பேரரசி பிறப்பித்தார். அவ்வரண்மனையிலேயே 1918 நவம்பர் 11ஆம் நாள் கடைசிப் பேரரசர் சார்லஸ் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். பேரரசை இழந்து வறுமையுற்ற அந்நகரம், பத்தே ஆண்டுகளில் தொழிலாளருக்காக 60,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. அரண்மனையைக் கண்டவர் அவ்வீடுகளையும் காண வேண்டும்.

ஆனால் எங்கள் கேள்விக்கு விடை கிடைத்த இடம், இசை அரங்கின் பின்புறமுள்ள ஒரு சதுக்கம். போருக்கும் பாசிசத்திற்கும் எதிரான நினைவுச் சின்னம் அங்கே 1988ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சிற்பி ஆல்பிரெட் ஹர்ட்லிக்கா அதன் வாயிலை மௌட்ஹவுசன் கருங்கல்லிலேயே செதுக்கினார். அருகே மண்டியிட்டுத் தெருவைத் தேய்க்கும் முதியவர் ஒருவரின் வெண்கல உருவம் இருக்கிறது. 1938இல் யூதரைத் தெருவில் மண்டியிடச் செய்து, தூரிகையால் தரையைத் தேய்க்க வைத்த கொடுமையின் நினைவு அது. சுற்றி நின்று நகைத்தவர் அயல்நாட்டார் அல்லர், அண்டை வீட்டாரே. அப்போது ஆஸ்திரியாவில் வாழ்ந்த ஏறத்தாழ இரண்டு இலட்சம் யூதருள் சுமார் 65,000 பேர் பின்னர்க் கொல்லப்பட்டனர். மற்றவருள் பெரும்பாலோர் நாட்டை விட்டு ஓடினர்.

அச்சின்னம் எழுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதற்கும் காரணம் உண்டு. 1943ஆம் ஆண்டில் நேச நாடுகள் வெளியிட்ட மாஸ்கோ அறிக்கை, ஹிட்லரின் ஆக்கிரமிப்புக்கு முதலில் இரையான நாடு ஆஸ்திரியா என்றது. அதே அறிக்கை, போரில் அந்நாட்டுக்குள்ள பொறுப்பையும் சுட்டியது. போருக்குப்பின் ஆஸ்திரியர் முதற்பகுதியை நினைவில் வைத்தனர், பிற்பகுதியை மறந்தனர். நான்கு வல்லரசுகளின் படைகள் பத்தாண்டுக் காலம் நாட்டில் தங்கியிருந்தன. 1955 மே 15ஆம் நாள் பெல்வெடேர் அரண்மனையில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, நாடு உரிமை பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் நாள் நிலையான நடுநிலைமையைச் சட்டமாக்கினர். அந்த மகிழ்ச்சியில் பழைய குற்றம் பேசப்படவில்லை. ஆஸ்திரியர் பலர் அக்கொடுமைகளில் பங்குகொண்டனர் என்பதை, தலைமை அமைச்சர் பிரான்ஸ் விரானிட்ஸ்கி 1991ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2021இல், கொல்லப்பட்ட யூதருள் 64,000க்கு மேற்பட்டோரின் பெயர்களைப் பொறித்த கற்சுவர்கள் வியன்னாவில் எழுந்தன.

மாணவ நண்பர்களே, பொற்கூரையும் பெருமணியும் நாடுதோறும் உண்டு. அவற்றைக் காட்டுவது எளிது. தன் முன்னோர் இழைத்த தீங்கினைத் தலைநகரின் நடுவிலேயே கல்லில் செதுக்கி வைப்பதற்கு வேறொரு துணிவு வேண்டும். ஆஸ்திரியா அத்துணிவைப் பெறக் காலம் தாழ்த்தியது, எனினும் பெற்றது. நீங்கள் எந்த நாட்டிற்குச் சென்றாலும், எந்த அரண்மனையின் முன் நின்றாலும், அதன் அழகை நன்கு கண்டு மகிழுங்கள். மகிழ்ந்தபின், இக்கல்லை வெட்டியவர் யார், சுமந்தவர் யார், இங்கிருந்து விரட்டப்பட்டவர் யார் என்றும் கேளுங்கள். உடனே விடை கிடைக்காவிட்டாலும் கேட்பதை நிறுத்தாதீர்கள். ஆஸ்திரியாவிலும் பலர் பல ஆண்டுகள் விடாமல் கேட்டதனால்தான் அந்தச் சதுக்கத்தில் அக்கருங்கல் நிற்கிறது.