கங்குவும் மலையகமும்: தேயிலைத்தோட்ட நாவலொன்று குறித்த வரலாற்று நோக்கு

ஆங்கிலத்தில் எழுதிய இந்திய நாவலாசிரியருள் முல்க் ராஜ் ஆனந்த் தனியிடம் பெறுபவர். 'தீண்டத்தகாதவன்' 1935இலும் 'கூலி' 1936இலும் வெளிவந்ததை அடுத்து, 1937இல் அவரது மூன்றாவது நாவலாகிய 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' இலண்டனில் வெளியாயிற்று. அசாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டமொன்றைக் களமாகக் கொண்ட இந்நாவலை, வட்டவளைப் பகுதி லயமொன்றில் பிறந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவனொருவன் படிக்க நேரின் இருவேறு உணர்வுகள் அவனிடம் ஒருங்கே எழுதல் இயல்பு. தன் பாட்டன் கதையையே படிக்கிறோம் என்பது ஒன்று. தன் பாட்டன் இவ்வாறு இருந்ததில்லையே என்பது மற்றொன்று. இவ்விரு உணர்வுகளுக்கும் வரலாற்றில் ஆதாரம் உண்டா என்று நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

கதை சுருக்கமானது. பஞ்சாபில் ஹோஷியார்பூரை அடுத்த கிராமத்து உழவன் கங்கு. கடனால் நிலத்தை இழந்த அவனைப் பூட்டா என்னும் ஆட்சேர்ப்பாளன் ஆசை வார்த்தை கூறி, மனைவி சஜனி, மகள் லீலா, சிறுவன் புத்து ஆகியோருடன் மக்ஃபேர்சன் தோட்டத்துக்கு அழைத்துச் செல்கின்றான். வாக்களிக்கப்பட்ட நிலம் கிடைக்கவில்லை. காய்ச்சலுக்குச் சஜனி பலியாகின்றாள். ஈமச்செலவுக்குக் கடன் கேட்டுச் சென்ற கங்குவைப் பெரிய துரை குரொஃப்ட்-குக் விரட்டியடிக்கின்றார். தொழிலாளர் பக்கம் நின்ற வைத்தியர் டி லா ஹாவ்ர் வேலைநீக்கம் செய்யப்படுகின்றார். இறுதியில் லீலாவைத் துரத்தி வரும் சின்னத்துரை றெஜி ஹண்ட், குறுக்கே வந்த கங்குவைச் சுட்டுக் கொல்கின்றான். ஐரோப்பியர் பெரும்பான்மையினராக அமர்ந்த ஜூரி அவனைக் குற்றவாளியல்லன் என விடுவிப்பதோடு நாவல் முடிகின்றது.

இம்முடிவு மிகைப்படுத்தப்பட்டது எனக் கருதுவோர் அசாமின் வரலாற்றை அறியாதவரே. 1920இல் கச்சார் மாவட்டத்துக் கோரியல் தோட்டத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டு வழக்கு இந்தியா முழுவதும் பேசப்பட்டது. தொழிலாளியொருவரின் மகளை விரும்பிய ரீட் என்னும் தோட்டத்து ஐரோப்பியர், மறுத்த தந்தையைச் சுட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். அவ்வழக்கிலும் ஐரோப்பியப் பெரும்பான்மை ஜூரி அவரை விடுவித்தது. அடுத்த ஆண்டே, அதாவது 1921இல், சார்கோலாப் பள்ளத்தாக்கின் தொழிலாளர் பல்லாயிரவர் தோட்டங்களை விட்டு வெளியேறிச் சாந்த்பூர் வரை நடந்தனர். ஆனந்தின் கற்பனைக்குப் பின்னே இத்தகைய நிகழ்ச்சிகளின் நிழல் தெளிவாகவே தெரிகின்றது.

கதாபாத்திரங்களுள் மலையக வாசகனுக்கு மிக நெருக்கமானவனாகவும் அதே வேளை மிக அந்நியனாகவும் தோன்றுபவன் பூட்டாவே. பெரிய கங்காணியை அறிந்த மலையகத்தான் பூட்டாவை உடனே இனங்கண்டு கொள்வான். எனினும் இருவரையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்றுத் தவறாகும். அசாமில் ஆட்சேர்ப்பு ஒப்பந்தச் சட்டங்களின் துணையோடு நடந்தது; ஆட்களைக் கொண்டு சேர்த்தவுடன் பூட்டாவின் பொறுப்பு ஏறத்தாழ முடிந்துவிடுகின்றது. இலங்கைக் கங்காணியோ தன் ஊராரையும் உறவினரையும் சாதிக்காரரையும் கூட்டி வந்து, அவர்களோடு தோட்டத்திலேயே வாழ்ந்து, அவர்களின் உழைப்பு நாளுக்குத் தலைக்காசு பெற்று, கடன் கொடுத்து, கலியாணத்துக்கும் கருமாதிக்கும் முன்னிற்பவன். தொழிலாளியை அவன் கட்டியது சட்டத்தால் மட்டுமன்று, கடனாலும் உறவாலுமாகும். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின் கடன் தொகை குறித்த 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். அக்கடனைப் புதிய தோட்டம் ஏற்றுக்கொண்டாலன்றித் தொழிலாளி நகர இயலாது. துண்டு முறையும், ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிடும் தண்டனையும் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே நீங்கின. தந்தையைப் போலப் பேசி வட்டிக்காரனைப் போல வாங்குபவனை எதிர்த்து நிற்பது, பூட்டாவை வெறுப்பதைப் போல் எளிதன்று. மலையகத் தொழிற்சங்கம் தோன்றப் பல்லாண்டுகள் பிடித்தமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம்.

பயணமும் அவ்வாறே. கங்கு குடும்பத்தினர் நெடும்புகையிரதப் பயணத்தின் மூலம் அசாமை அடைகின்றனர். மலையகத்தாரின் முன்னோரோ மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக் காடுகளின் ஊடாக நடந்தே வந்தனர்; வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் வீழ்ந்தவர் பலர். நாவலப்பிட்டிக்கு 1874இலும் அட்டனுக்கு 1884இலும் புகையிரதம் வந்ததன் பின்னரே வட்டவளையின் மழை மலைகளில் விளைந்த கொழுந்து கொழும்பை விரைந்து அடைந்தது. தேயிலை கீழிறங்கப் பாதை அமைந்த பின்னரும் மனிதர் மேலேறிய வழி நெடுங்காலம் பழைய வழியாகவே இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

இனி டி லா ஹாவ்ரை நோக்குவோம். நாவலின் மனச்சாட்சியாக ஆசிரியர் படைத்த பாத்திரம் இவர். தேயிலைக் கோப்பைக்குள் இருக்கும் பசியையும் இரத்தத்தையும் கண்டு வெட்கும் வெள்ளையர். துரையின் மகள் பார்பராவைக் காதலித்து, கொள்கையின் பொருட்டு அவளையும் இழக்கின்றார். இத்தகைய வெள்ளையர் தோட்டத்தில் இருக்க முடியுமா என்ற ஐயம் மாணவரிடையே எழுவதுண்டு. அவ்வையத்துக்கு விடை, வட்டவளைக்குக் கீழே சில புகையிரத நிலையங்கள் தள்ளியுள்ள நாவலப்பிட்டியில், இந்நாவல் வெளிவந்த அதே 1937இல் கிடைக்கின்றது.

மார்க் அந்தனி பிறேஸ்கேர்டில் என்ற இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் இலங்கைக்கு வந்து, மடுல்கலையிலுள்ள றெலுகாஸ் தோட்டத்தில் துரைத்தொழில் பயின்றார். தொழிலாளர் வாழ்வைக் கண்டு அவர்பாற் சார்ந்தமையால் வேலையிழந்தார். பின்னர் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் கமலாதேவி சட்டோபாத்யாய கலந்துகொண்ட பெருங்கூட்டத்தில் அவர் மேடையேறினார். ஒரு வெள்ளையர் தோட்டத் தொழிலாளர் முன் துரைமாரைச் சாடியமை தோட்டக்காரச் சமூகத்தை அதிர வைத்தது. ஏப்ரல் 22இல் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாட்டைவிட்டு நீங்குமாறு கட்டளையிட்டார். பிறேஸ்கேர்டில் தலைமறைவானார். அரசுக் கழகம் ஆளுநரின் செயலைக் கண்டித்தது. மே 18இல் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

கற்பனை வைத்தியரையும் மெய்யான துரையையும் அருகருகே வைத்து நோக்கின் ஆனந்தின் பார்வையிலுள்ள குறை புலனாகும். டி லா ஹாவ்ர் தனியர். அவர் நீக்கப்பட்டதும் தொழிலாளர் போராட்டமும் முடிந்துவிடுகின்றது. அவரின்றித் தொழிலாளருக்குக் குரலில்லை. பிறேஸ்கேர்டிலோ ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்த இயக்கமொன்றினுள் வந்து சேர்ந்தவர். கோ. நடேசையர் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளரை அமைப்பாக்கத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகள் முன்னராகும். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தாமே பாட்டுக் கட்டி, கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1931இல் வந்த சர்வசன வாக்குரிமை தோட்டத் தொழிலாளருட் கணிசமானோருக்கும் வாக்களித்திருந்தது. நாவலப்பிட்டிக் கூட்டத்திற்குத் திரண்ட சனம் வெள்ளையரைப் பார்க்க மட்டும் வந்த சனமன்று.

கங்குவின் பாத்திரத்தில் விதியை நம்பும் பொறுமையே மேலோங்கி நிற்கின்றது. இழப்பு ஒவ்வொன்றையும் அவன் ஊழாக ஏற்கின்றான். இப்பொறுமை பொய்யன்று, காலையில் பிரட்டுக் களத்தில் தலைகுனிந்து நின்ற தலைமுறைகள் மலையகத்திலும் உண்டு. ஆனால் அதே மனிதர்தாம் 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலியுயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அவ்வேலைநிறுத்தத்தையொட்டித் தொழிலாளர் மீதிருந்த வழக்கை ஒத்திவைப்பது குறித்து உள்நாட்டமைச்சருக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் எழுந்த பிணக்கு, ஆளுநரோடு முரண்பட்டு அமைச்சர்கள் பதவி துறக்குமளவுக்கு முற்றியது. கங்குவின் மரணம் நீதிமன்ற அறையோடு முடிந்தது. கோவிந்தனின் மரணமோ ஊவா வரை வேலைநிறுத்தங்களைப் பரப்பியது.

இதனைக் கொண்டு இலங்கைத் தோட்டங்களில் நீதி நிலவியதென எவரும் கருதலாகாது. 1941இல் புப்புரஸ்ஸைப் பகுதியிலுள்ள ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் கொல்லப்பட்டபோது, தொழிலாளர் இருவர் தூக்கிலிடப்பட்டனர். சுட்ட றெஜி ஹண்ட் விடுதலையாகும் நாவலின் இறுதிப் பக்கங்களை இந்நிகழ்ச்சியோடு சேர்த்துப் படிக்கையில் குடியேற்ற நீதியின் இரு முகங்களும் ஒருங்கே தெரியும்.

நாவலில் பெரிதும் வருத்தத்துக்குரியது பெண் பாத்திரங்களின் நிலையாகும். சஜனி சாவதற்காகவும் லீலா துரத்தப்படுவதற்காகவுமே படைக்கப்பட்டனரோ என எண்ணத் தோன்றுகின்றது. தேயிலைத் தொழிலின் முதுகெலும்பு கொழுந்து பறிக்கும் பெண் என்பதை நூலின் தலைப்பே உணர்த்துகின்றது. இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் கிள்ளும் விரல் அவளுடையது. விடியுமுன் எழுந்து, அடுப்பெரித்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, அட்டை கடிக்கும் மழை மலையில் கூடை சுமந்து, நிறை குறைந்தால் அரைப்பேர் போடப்படும் அவளது நாளை ஆனந்த் நெருங்கிப் பார்க்கவில்லை. றெஜி ஹண்டின் வெறிக்கு இலக்காகும் உடலாகவே பெண் கதையில் பெரிதும் இடம்பெறுகின்றாள். இக்கொடுமை உண்மையே, அதனை அச்சமின்றி எழுதியமை ஆசிரியரின் துணிவு. ஆயினும் கொடுமை நிகழாத வேளைகளிலும் லீலா என்னும் பெண் இருந்தாள், உழைத்தாள், எதையோ நினைத்தாள் என்பதை வாசகனே ஊகிக்க வேண்டியுள்ளது.

ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராயிருந்த பி. எச். டானியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, 2007இல் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்த நாவல் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. அங்கும் நல்ல வைத்தியர் ஒருவர் உண்டு. எனினும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து செல்லும் கருப்பனும் வள்ளியும் கணவன் மனைவியாகப் பேசிக்கொள்கின்றனர், கணக்குப் பார்க்கின்றனர், ஊர் திரும்பும் நாளை எண்ணுகின்றனர். லயத்துக் காம்பராவின் உட்புறம் ஆனந்தைவிட டானியலுக்கே தெரிந்திருந்தது. நெடுங்காலம் தோட்டத்தில் தொழில் பார்த்தவருக்கும், அயலிலிருந்து பரிவோடு நோக்கியவருக்கும் உள்ள வேறுபாடு இது.

மக்ஃபேர்சன் தோட்டத்து நீதிமன்றத் தீர்ப்போடு ஆனந்த் நூலை முடித்துவிட்டார். தாயும் தந்தையும் இறந்தபின் லீலாவும் சிறுவன் புத்துவும் எங்கு சென்றனர், மறுநாட் காலை எந்தப் பிரட்டில் நின்றனர் என்பதற்கு நாவலில் ஒரு வரியும் இல்லை.