ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் மடல்



1972ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் நாள், 'நியூயார்க் போஸ்ட்' நாளிதழில் வாசகர் மடல் ஒன்று வெளியானது. அதனை எழுதியவர் ஜீன் மான்ஃபோர்டு என்னும் அம்மையார். நியூயார்க் மாநகரின் குயின்ஸ் பகுதியில், அரசு தொடக்கப்பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்தவர். தம் மகன் தன்பாலீர்ப்பு உடையவன் என்பதையும், தாம் அவனை நேசிப்பதையும் அம்மடலில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதியிருந்தார். கீழே தம் சொந்தப் பெயரையே இட்டிருந்தார். (ஓர் ஆண் ஆண்களிடமோ, ஒரு பெண் பெண்களிடமோ காதல் உணர்வு கொள்வதைத் தன்பாலீர்ப்பு என்கிறோம்.)

மகன் மோர்ட்டிக்கு அப்போது அகவை 21. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக உழைத்த இளைஞர்களுள் ஒருவர். அம்மாதம் 15ஆம் நாள், ஹில்டன் தங்கும் விடுதியில் செய்தியாளர்களும் அரசியலாரும் கூடிய விருந்தொன்றில், தம்மவரை இழிவாகச் சித்திரிப்பதைக் கண்டித்து நண்பர்களுடன் துண்டறிக்கை வழங்கச் சென்றார். அங்கே கடுமையாகத் தாக்கப்பட்டார். மருத்துவமனையிலிருந்து பெற்றோருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. காவலர்கள் அருகில் இருந்தும் தடுக்கவில்லை என்பதே அந்தத் தாயின் சினத்திற்குக் காரணம். தாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தீயணைப்பாளர் தொழிற்சங்கத் தலைவர். வழக்கு நடந்தது, அவர் விடுவிக்கப்பட்டார்.

மகன் அடிபட்டால் தாய் கொதிப்பது இயல்புதானே, இதில் என்ன வரலாறு என்று கேட்கலாம். அக்காலத்தில் தன்பாலினத்தவரிடையே நிகழும் பாலுறவு நியூயார்க் மாநிலத்தில் சட்டப்படி குற்றம். அச்சட்டம் நீதிமன்றத்தில் வீழ்ந்தது 1980இல்தான். அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கத்தின் பட்டியலில் தன்பாலீர்ப்பு ஒரு நோய். அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 1973 திசம்பரில். இவற்றைவிடக் கொடியது இன்னொன்று உண்டு. 1962இல் இர்விங் பீபர் என்னும் உளநோய் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஒரு நூல் வெளியிட்டனர். மகனை அளவுமீறி ஒட்டிக்கொண்டிருக்கும் தாயும், விலகி நிற்கும் தந்தையும்தான் இதற்குக் காரணம் என்பது அவர்கள் கூற்று. கற்றோர் பலர் அதனை நம்பினர். ஆகவே, "இவன் என் மகன்" என்று பெயரிட்டு எழுதிய தாய், ஊரார் பார்வையில் தம் வளர்ப்பின் மீதே பழியை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். அப்பழியை அவர் பொருட்படுத்தவே இல்லை. நான் வியப்பது இதைத்தான்.

அதே ஆண்டு சூன் 25ஆம் நாள் நடந்த ஊர்வலத்தில் அவர் மகனுடன் நடந்தார். தன்பாலீர்ப்பாளர்களின் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு ஆதரவாக ஒன்றுபட வேண்டும் என்ற வாசகம் கையில் ஏந்திய அட்டையில் இருந்தது. சாலையோரத்தில் நின்றவர்கள் ஆரவாரம் செய்தனர். பின்னால் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் வந்துகொண்டிருந்ததால், ஆரவாரம் அவருக்குத்தான் என்று அம்மையார் எண்ணினாராம்! பிறகுதான் தெரிந்தது. இளைஞர்கள் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள், அழுதார்கள். என் பெற்றோரிடம் பேசுவீர்களா என்று ஒருவர்பின் ஒருவராகக் கேட்டார்கள். முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம் அவர்கள் கேட்டது இதை மட்டுமே.

தாம் கூச்ச இயல்பினர், சங்கங்களில் சேர்ந்து பழக்கமில்லாதவர் என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். ஆயினும் அந்த வேண்டுகோளை அவரால் மறக்க இயலவில்லை. 1973 மார்ச் 11ஆம் நாள், பல் மருத்துவரான கணவர் ஜூல்சும் அவரும் கிரீனிச் வில்லேஜ் பகுதியின் மெதடிஸ்டு தேவாலயம் ஒன்றில் பெற்றோர் கூட்டம் நடத்தினர். வந்தவர்கள் ஏறத்தாழ 20 பேர். பிற நகரங்களிலும் இத்தகைய குழுக்கள் தோன்றின. 1980களின் தொடக்கத்தில் அவை 'பிஃப்ளாக்' என இன்று அறியப்படும் தேசிய அமைப்பாக ஒன்றிணைந்தன. இன்று அதற்கு அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ளன.

ஆசிரியர்கள் அறிய வேண்டிய மற்றொரு நிகழ்வும் உண்டு. தன்பாலீர்ப்புடைய ஆசிரியர்களை மட்டுமன்றி, அதற்கு ஆதரவாகப் பேசும் எந்த ஆசிரியரையும் பணிநீக்கம் செய்ய வழிசெய்யும் சட்ட முன்மொழிவு ஒன்று 1978 நவம்பரில் கலிபோர்னியாவில் பொது வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தோரில் 58 விழுக்காட்டினர் அதனை நிராகரித்தனர். வேறு மாநிலம்தான், ஆனாலும், ஒரு பொதுப்பள்ளி ஆசிரியை 1972இல் நாளிதழில் பெயரிட்டு எழுதியது எத்தகைய காலம் என்பதை இதனால் உணரலாம்.

நம் பள்ளித் திடல்களில் 'பொண்டான்' என்ற சொல்லைக் கேட்காத ஆசிரியர் எவரேனும் உளரோ? பத்து வயதுச் சிறுவனை நோக்கி அது வீசப்படும்போது, சிறுவர்கள் முதலில் திரும்பிப் பார்ப்பது ஆசிரியரின் முகத்தைத்தான். அவர் சிரித்தாரா, கண்டித்தாரா, கேளாதவர்போல் நடந்தாரா என்று பார்க்கிறார்கள்.

மோர்ட்டி பின்னாளில் வழக்கறிஞரானார். எய்ட்ஸ் நோயால் 1992இல், தம் 41ஆம் அகவையில் காலமானார். அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, 1966இல், மூத்த மகன் சார்லஸையும் அந்தத் தாய் இழந்திருந்தார். ஜீன் மான்ஃபோர்டு 2013 சனவரி 8ஆம் நாள் 92ஆம் அகவையில் மறைந்தார். அடுத்த மாதம் அதிபர் ஒபாமா வழங்கிய குடிமக்கள் விருதை அவருடைய மகள் பெற்றுக்கொண்டார். 2014இல், குயின்சில் அவர்கள் வாழ்ந்த பகுதியிலுள்ள தெருவொன்றின் ஒரு பகுதிக்கு ஜீன், ஜூல்ஸ், மோர்ட்டி ஆகிய மூவர் பெயரும் சூட்டப்பட்டது.