அச்சு முறியும் இடம்: தேர் முதல் ஜீப் வரை

திருக்காளத்தியில் மகாசிவராத்திரிப் பெருவிழாவின்போது தேர் வீதியுலா வருகிறது. மரபான தேரில் இருசு சுழல்வதில்லை. சக்கரங்களே அதன்மேல் தனித்தனியே சுழல்கின்றன. வீதி முனையில் வெளிச்சக்கரம் கூடுதல் தொலைவும் உட்சக்கரம் குறைந்த தொலைவும் ஓட, முட்டுக்கட்டை தேரைத் திருப்பும். இழுப்பது வடம் என்பதால் இருசின் கடமை எடையைத் தாங்குவது மட்டுமே. மயிற்பீலியேயாயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்ததும் இத்தகைய அச்சையே.

எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கியபோது அச்சின் வரலாறு மாறியது. எடையோடு முறுக்குவிசையையும் அது சுமக்க வேண்டியதாயிற்று. இரு சக்கரங்களும் ஒரே தண்டால் சுழன்றால் வண்டி எளிதில் திரும்பாது. 1828இல் பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்கென டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை பெற்றார். இருபுறமும் சம விசையை அளித்து, வேகத்தை மட்டும் வேறுபட விடுவது அதன் இயல்பு. அதன் குறையும் அதுவே. பொன்முகலியாற்று மணலில் ஒரு சக்கரம் பிடிப்பின்றிச் சுழன்றால், பிடிப்புள்ள மறுசக்கரத்துக்கும் அதே அற்ப விசைதான் கிட்டும். இதற்கு மருந்தாக வந்ததே டிஃப் லாக்.

முன்னச்சின் நிலை இன்னும் கடினமானது. அதன் சக்கரம் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே தண்டின் நடுவே ஒரு மூட்டு தேவை. ஆல்ஃபிரட் ர்செப்பா 1920களில் உருவாக்கிய குண்டு மூட்டு இதற்குப் புகழ்பெற்ற விடை. இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப் சுமார் 60 குதிரைத்திறன் கொண்டது. ஒடுக்கமான டயர்களில் ஓடியது. முதற்கியர், லோ ரேஞ்ச், கிரவுன்-பினியன் ஆகிய மூன்றும் சேர்ந்து எஞ்சினின் முறுக்குவிசையை ஏறத்தாழ 25 மடங்காக்கின. விடுதலைக்குப் பின் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் ஒருங்கிணைத்ததும் இவ்வழி வந்த ஜீப்பையே. பூட்டில்லாத டிஃபரன்ஷியலுக்கு அதன் முன்னச்சு போதுமானதாக இருந்தது.

பூட்டு வந்ததும் கணக்கு மாறுகிறது. முன்பு பாதி விசையே சுமந்த தண்டு, ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கையில் அச்சுக்கு வரும் விசை முழுவதையும் சுமக்கிறது. ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியிருந்தால் மூட்டின் வலு மேலும் குறையும். பெரிய டயர் பொருத்தினால் சுமை பின்னும் ஏறும். சக்கரம் பாறையிடுக்கில் சிக்கியிருக்க ஆக்சிலேட்டரை மிதித்தால், முதலில் உடைவது பெரும்பாலும் அம்மூட்டே. செங்குத்துச் சரிவில் அது உடைவது உயிருக்கே கேடு.

இதை முன்னரே உணர்ந்தவர்கள் அச்சையும் சேர்த்தே வடிவமைத்தனர். 1940களின் இறுதியில் வந்த ஜெர்மானிய உனிமாக்கில் கடைசிப் பல்சக்கரக் குறைப்பு சக்கரத்தருகே அமைந்தது. அதனால் தண்டின்மேல் முறுக்கு குறைந்தது. 1979இல் வந்த மெர்சிடிஸ் ஜி வண்டியும், நம் நாட்டின் ஃபோர்ஸ் கூர்க்காவும் இரு அச்சுகளுக்கும் பூட்டு ஏற்றவை. பின்னாளில் தனியே வாங்கிப் பொருத்தும் பூட்டுகள் பரவியபோதோ, பழைய அச்சு பழையபடியே இருக்க, விசை மட்டும் கூடியது.

தேர்களின் வரலாறு இதற்கு மாறான பாடத்தைத் தருகிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் துணையோடு இரும்புச் சக்கரங்களும் இரும்பு அச்சும் பொருத்தப்பட்டபோது, நிறுத்துவதற்கான தடையும் உடன் அமைக்கப்பட்டது. ஒன்றை வலுப்படுத்துவோர் அதனோடு இணைந்த மற்றொன்றையும் வலுப்படுத்தினர். மலைப்பாதைக்கு வண்டியை ஆயத்தம் செய்வோர்க்கும் அதுவே முறை: பின்னச்சுக்கு முதலில் பூட்டு, முன்னச்சின் தண்டையும் மூட்டையும் வலுவாக்கிய பின்னரே முன்பூட்டு. ஏனெனில் பூட்டு வலிமையைப் படைப்பதில்லை. இருக்கும் விசையை ஒரே தண்டின்மேல் குவிக்கிறது.