குருதியின் குற்றமா?

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில், கோலலங்காட் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் ஜெஞ்சாரோம். அதன் சுற்றுவட்டாரத்தில் முதலில் பால்மரமும் பின்னர்ச் செம்பனையும் செழித்தன. அவற்றைச் செழிக்கச் செய்த தமிழரின் வரலாறு, ஒருவகையில், நோய்களின் வரலாறுமாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்தை வாட்டியது மலேரியாக் காய்ச்சல். கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் 1901-இல் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். மருத்துவர் மால்கம் வாட்சனின் முயற்சியால் சதுப்பு நிலங்களில் வடிகால்கள் வெட்டப்பட்டன. மறு ஆண்டில் அத்தொகை 59 ஆகக் குறைந்தது. ஓராண்டில் மக்களின் குருதி மாறிவிடவில்லை. அவர்கள் வாழ்ந்த நிலமே மாறிற்று.

இன்று அக்காய்ச்சலின் இடத்தை இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் பற்றிக்கொண்டுள்ளன. நோவு காட்டாமலே ஆண்டுக்கணக்கில் உடலில் உறைந்து, இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் அவை சிதைக்கின்றன. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 30 பேர் இரத்தக் கொதிப்புடையோர். நீரிழிவுடையோர் நாடு முழுமைக்கும் நூற்றுக்கு 18 பேர். இந்தியரிடையேயோ 31 பேர். இதனைப் ‘பரம்பரை நோய்’ எனக் கூறி அமைவோர் பலர்.

இதே தீர்ப்பு அமெரிக்கக் கறுப்பினத்தவர்க்கும் வழங்கப்பட்டது. அவர்களிடையே இரத்தக் கொதிப்பும் அதனால் சிறுநீரகம் பழுதுறுதலும் மிகுதி. அடிமைக் கப்பல்களில், உடலில் உப்பைத் தேக்கிக்கொள்ள வல்லோரே உயிர் பிழைத்தனர் என்றும், அவ்வியல்பே வழித்தோன்றல்களிடம் நோயாயிற்று என்றும் சிலர் உரைத்தனர். இக்கூற்றுக்குச் சான்றில்லை என வரலாற்றறிஞர் பிலிப் கர்ட்டின் 1992-இல் மறுத்தார். 1997-இல் ரிச்சர்ட் கூப்பர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரத்தக் கொதிப்புடையோர் மேற்கு ஆப்பிரிக்காவில் நூற்றுக்கு 16 பேர். கரீபியத் தீவுகளில் 26 பேர். அமெரிக்காவில் 33 பேர். வேர் ஒன்றே, வேரூன்றிய மண்ணே வேறு. உப்பும் உடற்பருமனும் மிகுந்த இடத்தில் நோயும் மிகுந்தது.

மரபுக்குப் பங்கே இல்லை என்பதன்று. மேற்கு ஆப்பிரிக்க வழியினர் சிலரிடம் சிறுநீரக நோய்க்கு இடந்தரும் மரபணு வேறுபாடுகள் 2010-இல் கண்டறியப்பட்டன. எனினும் அவற்றை உடையோர் அனைவரும் நோயுறுவதில்லை. விதை மட்டும் விளைச்சலாகிவிடாது.

தமிழர்க்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் 2011-இல் வெளியான ஆய்வொன்றில், சிற்றூர்களில் நீரிழிவுடையோர் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர். நகரங்களில் 14 பேர். இங்கும் தோட்டத் தமிழரின் வாழ்வு மாறிற்று. விடியுமுன் எழுந்து நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்து பால்வெட்டியோரின் பெயரர்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின் நகர்ப்புறம் சென்றனர். நடை குறைந்தது, தீட்டிய அரிசிச் சோறும் உப்பிட்ட கருவாடும் கட்டிப்பால் கலந்த தேநீரும் குறையவில்லை.

குருதியைக் குற்றவாளியாக்குவோர்க்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. வாழ்நிலையைக் காரணமாகக் காண்போர்க்கோ செயல் உண்டு. அன்று நிலத்தில் வடிகால் வெட்டிய மண்வெட்டி, இன்று உணவிலும் உழைப்பிலும் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலும் வேலை செய்ய வேண்டியுள்ளது.